நாலாவது பெட்டியில் நாற்றம்

அத்தியாயம் 7

ஸ்டெல்லாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று வில்லியனூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூக்கை வைத்துத்தான் அவள் பிழைக்கிறாள் என்பது சில பேருக்குத்தான் தெரியும். திருபுவனைப் பக்கம் ஒரு சோப்பு கம்பெனியில் பதினோரு வருஷம் வாசனை பார்க்கிற வேலை. மல்லிகை சோப்பில் மல்லிகையே இல்லை என்று மேனேஜரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள், அவர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆரம்பித்ததுதான் 'ஸ்டெல்லா துப்பறியும் நிலையம்'. ஆறு வருஷமாக நடக்கிறது.

அந்த மூக்கு இப்போது பாகூரில், ஒரு கார் ரேஸ் விளையாட்டுப் பெட்டியின் முதுகுக்குள் இருந்தது.

"மேடம், வெளிய வந்துடுங்க. எவனாவது காசு போட்டு உங்கள ஓட்ட ஆரம்பிச்சுடப் போறான்," என்றார் கிளாட்சன்.

கிளாட்சன் அவளுடைய உதவியாளர். ஐம்பத்திரண்டு வயசு. முப்பது வருஷம் டெம்போ ஓட்டியவர். டெம்போவை விற்றுவிட்டார், வாயை மட்டும் விற்கவில்லை.

ஸ்டெல்லா தலையை வெளியே எடுத்தாள். "பலகையில வாசனை இல்ல. சீட்ல இல்ல. ஸ்பீக்கர் துணியில இல்ல. இந்த சர்க்யூட் போர்டுல மட்டும் சிகரெட் நாத்தம் கொடலப் புடுங்குதுண்ணே."

கதவோரம் சரண்யா நின்றிருந்தாள். ஹாலில் பதினாறு நாற்காலி கிடந்தும் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. காலையில் முதல் பஸ் பிடித்து வில்லியனூர் வந்து, ஆபீஸ் திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் காத்திருந்தவள். அங்கேயே, படியிலேயே, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருந்தாள்.

விஷயம் இதுதான். டவுனில் மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து நாலு பழைய வீடியோ கேம் பெட்டிகளை வீரப்பன் என்கிறவர் எடுத்தார். திருபுவனையில் பழைய சாமான் குடோன் வைத்திருப்பவர். அவரிடமிருந்து பாகூர் அல்போன்ஸ் வாங்கினார். கோடை லீவுக்குப் பிள்ளைகள் விளையாட ஒரு கேம் சென்டர் திறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெட்டிகள் வந்து இறங்கியபோது தெருமுனை வரைக்கும் சிகரெட் நாற்றம். இருபது வருஷம் ஆடியவர்கள் ஊதித் தள்ளிய புகை அத்தனையும் அதற்குள் குடியிருந்தது. எந்தத் தாய் தன் பிள்ளையை அதற்கு முன்னால் உட்கார வைப்பாள்?

அதை எடுக்கத்தான் சரண்யாவின் புருஷன் அன்புராஜைக் கூப்பிட்டார்கள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். இருபத்திரண்டு நாள் அந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டினார். சீட்டுப் பஞ்சைப் பிய்த்து எறிந்தார். வினிகர் தண்ணீரால் பலகையைத் துடைத்தபோது டிக்காஷன் மாதிரி பழுப்பாக வழிந்ததாம். சோடா உப்பு தூவினார், துணிப்பையில் அடுப்புக்கரி கட்டித் தொங்கவிட்டார், வெயிலில் காயவைத்து உள்பக்கம் முழுக்க வார்னிஷ் அடித்தார். நாலு போர்டையும் கழற்றி ஸ்பிரிட் தொட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை சாவியை அல்போன்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை போட்டுப் பார்த்தபோது நாலாவது பெட்டி, இந்த ரேஸ் பெட்டி, ஓடவே இல்லை. வீரப்பன் வந்து திறந்து பார்த்துவிட்டு, ஒரிஜினல் போர்டைக் காணோம், எவனோ செத்த போர்டை மாட்டி வைத்திருக்கிறான் என்றார். எவன் என்று யாரும் தேடவில்லை. எல்லோருடைய வாயிலும் ஒரே பேர்தான் வந்தது.

அன்புராஜ் தீயணைப்பு வேலைக்குத் தேர்வாகி இருந்தார். அடுத்த வாரம் போலீஸ் வெரிஃபிகேஷன். இன்று மாலை ஆறு மணிக்கு அல்போன்ஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறார், வீரப்பன் சாட்சி. திருட்டுக் கேஸ் ஒன்று பேரில் விழுந்தால் அந்த வேலை போனதுதான். மூன்று வருஷம் ஓடிப் பயிற்சி எடுத்த வேலை.

"நாத்தம் போயிடுச்சான்னு எப்படிம்மா பாப்பீங்க?" என்று ஸ்டெல்லா படியிலேயே கேட்டிருந்தாள்.

"அரிசி வச்சுதாங்க்கா. ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ஒரு கிண்ணம் பச்சரிசி வச்சு ராத்திரி பூரா மூடிடுவாரு. அரிசி எந்த நாத்தமா இருந்தாலும் இழுத்துக்கும். காலையில அத நான் கஞ்சி வெப்பேன். உப்பு கிப்பு எதுவும் போடக் கூடாதும்பாரு, நாக்கு ஏமாந்துடுமாம். மொத தடவ பீடிக்கட்டய நக்குன மாதிரி இருந்துச்சு. மறுபடி மறுபடி தொடச்சாரு. கடேசியா நாலு தூக்குல நாலு கஞ்சி. ஓனரு குடிச்சுப் பாத்து சரின்னாதான் சாவிய குடுப்பாரு. எங்க வேல பண்ணாலும் அதான் அவரு வழக்கம்."

"அல்போன்ஸ் சார் குடிச்சாரா?"

"தூக்க உள்ள எடுத்துனு போனாருக்கா. வெளிய வந்து நல்லாருக்குன்னு சொன்னாரு."

இப்போது அந்த அல்போன்ஸே உள்ளே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் தங்கச் சிலுவை. ஊரில் நாலு நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிற மனிதர்தான்.

"இன்னாம்மா, பாத்தாச்சா? நான் சொன்னேன்ல, அவன்தான். பொட்டியத் தொறந்து மூடுனது அவன் ஒருத்தன்தானே."

"ஞாயித்துக்கெழமைக்கும் புதன்கெழமைக்கும் நடுவுல வேற யாரு வந்தாங்க சார்?"

"யாரும் வரல. வீரப்பண்ணன் திங்கக்கெழம வந்தாரு. காசு போடுற எடத்துல ஏதோ செட்டிங் பண்ணணும்னாரு. அவரு என்னா வெளியாளா?"

"நீங்க கூட இருந்தீங்களா?"

"சாப்புடப் போனேன். ஒரு மணி நேரம் இருக்கும். அவர இருவது வருஷமா தெரியும்மா எனக்கு."

"அன்புராஜ எத்தினி வருஷமா தெரியும்?"

"அவனா? இந்த ஊருதானே. அவங்க தாத்தன் எங்க நெலத்துல வேல செஞ்ச ஆளு."

"அப்ப அறுவது வருஷமா தெரியும்," என்றாள் ஸ்டெல்லா.

அல்போன்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டெல்லாவுக்கு மூக்கு நுனி சிவந்தது. ஒருவர் 'அவர்', ஒருவர் 'அவன்'. இருபது வருஷப் பழக்கத்தைச் சந்தேகப்பட மனசு வரவில்லை, அறுபது வருஷப் பழக்கத்தைச் சந்தேகப்பட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"இந்தப் பெட்டி வாங்குறப்ப நல்லா ஓடுச்சா?"

"பாதி ஆட்டத்துல நின்னு நின்னு போகும்னு சொல்லித்தான் வீரப்பண்ணன் குடுத்தாரு. அவன் தொடச்சதுக்கப்புறம் நிக்கவே இல்ல, அத ஒத்துக்கணும். சாவி குடுக்கறதுக்கு மொத நாளு, சனிக்கெழம, வீரப்பண்ணனே வந்து ஆடிப் பாத்து, அசந்துட்டாரு."

"ஞாயித்துக்கெழம கஞ்சி குடிச்சுப் பாத்தீங்களாமே. எப்படி இருந்துச்சு சார்?"

"நல்லாதான் இருந்துச்சு. உப்பெல்லாம் அளவா இருந்துச்சு. பொகை வாசனை கொஞ்சங்கூட இல்ல."

கதவோரம் சரண்யாவின் தலை குனிந்தது. கிளாட்சன் வாயைத் திறந்தார். ஸ்டெல்லா அவருடைய செருப்புக் காலை நன்றாக மிதித்தாள்.

"ஆறு மணி வரைக்கும் எங்கயும் போகாதீங்க சார். மனுவ எழுதியே வைங்க. தேவப்படும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

எதிர் டீக்கடை ஓரமாக ஒருவர் வெயிலில் நின்றிருந்தார். ஒல்லியான, ஓடி ஓடி இறுகின உடம்பு. விரல் இடுக்கெல்லாம் ஸ்பிரிட் பட்டு வெளுத்திருந்தது. ஹாலுக்குள் வரக் கூடாது என்று அல்போன்ஸ் சொல்லிவிட்டாராம்.

"நான் எடுக்கலக்கா," என்றார் அன்புராஜ்.

"தெரியும்," என்றாள் ஸ்டெல்லா. "நிழல்ல நில்லுப்பா."

கிளாட்சனின் பைக் வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் ரோட்டைப் பிடித்தது. சித்திரை வெயில் தார் ரோட்டில் கொதித்தது.

"மேடம், என் கால எதுக்கு மிதிச்சீங்க?"

"உங்க வாய மூடுறதுக்கு. பிரேக்கு அங்கதான இருக்கு."

"அந்தாளு சொன்னது..."

"கேட்டேன். அது ஆறு மணிக்குண்ணே. மொதல்ல போர்டு. செத்த போர்டு ஏன் நாறுது?"

"செத்தா நாறத்தான் செய்யும். இதுக்கு எதுக்கு துப்பறியும் நிலையம்?"

"வெளையாடாதீங்க. இருவத்திரண்டு நாள் அந்த நாத்தத்த தொரத்துனவரு, கடேசி நாளு நாறுற போர்டு ஒண்ண எடுத்து உள்ள மாட்டுவாரா? திருடன்னே வச்சுக்குங்க. திருடன்கூட தன் வேலையத் தானே கெடுத்துக்க மாட்டான். ஸ்பிரிட் கையிலயே இருக்கு, ரெண்டு நிமிஷம் தொடச்சா போச்சு. மாட்டுன ஆளு ஏன் தொடைக்கல?"

கிளாட்சன் ஒரு லாரிக்கு வழிவிட்டார். "சோம்பேறியா இருப்பான்."

"நாறுதுன்னே அவனுக்குத் தெரியல. அவன் மூக்கு செத்த மூக்கு."

"சிகரெட் புடிக்கிறவன்."

"திங்கக்கெழம ஒரு மணி நேரம் அந்தப் பெட்டிகிட்ட தனியா இருந்தது ஒருத்தன்தான். அவன் புடிக்கிறானான்னு போய்ப் பாப்போம்."

"சரி மேடம். அந்தக் குடோன்ல ஆயிரம் போர்டு கெடக்கும். எல்லாம் ஒரே பச்சை, ஒரே சைஸு. நாம எத தேடுறது?"

"நாறாதத," என்றாள் ஸ்டெல்லா.

வீரப்பன் ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே பழைய ஜூக் பாக்ஸ், காசு போட்டால் எடை சொல்கிற மிஷின், உடைந்த கேரம் மேஜைகள். எல்லாவற்றின் மேலும் மஞ்சளாக ஒரு பிசுக்கு. மேஜையில் இருந்த சாம்பல் கிண்ணம் வழிந்து, பக்கத்தில் ஒரு டீ கிளாஸும் சாம்பல் கிண்ணமாகி இருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கண் எரிந்தது.

"அண்ணே, நமக்கு வீராம்பட்டினம்," என்று கிளாட்சன் கூசாமல் ஆரம்பித்தார். "ஆடித் திருவிழாவுக்கு ஒரு ரேஸ் பெட்டி போடணும். பெட்டி இருக்கு, போர்டுதான் வேணும். இவங்க என் தங்கச்சி, இவங்கதான் மொதலாளி. எனக்கு வாய் மட்டுந்தான்."

வீரப்பன் குளிர்ந்துபோனார். அலமாரியிலிருந்து அஞ்சு போர்டு எடுத்துப் போட்டார். ஸ்டெல்லா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பார்ப்பது போல முகத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்று நாறியது. இரண்டு நாறியது. அஞ்சும் நாறியது.

"தொடச்சுத் தருவீங்களாண்ணே?"

"நம்ம கடையில அந்தப் பேச்சே இல்லம்மா. வந்தது வந்தபடி. நானும் கை வெக்க மாட்டேன், என் ஆளுங்களும் கை வெக்க மாட்டாங்க. தொடைக்கிறேன்னு போயி தொலைக்கிறதுக்கா?"

"இதெல்லாம் நின்னு நின்னு போகும்போல இருக்கே. நிக்காம ஓடுற போர்டு ஒண்ணு இல்லையா?"

ஆசை யாரை விட்டது. வீரப்பன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்து, குழந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தார்.

"இது ஸ்பெஷல். ஓட ஆரம்பிச்சா நிக்காது. சென்னை பார்ட்டி ஒருத்தன் கேட்டுனே இருக்கான். எட்டு மாசமா இந்த மேஜையிலயே வச்சிருக்கேன், வெளிய எடுக்கல."

ஸ்டெல்லா வாங்கினாள். முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

ஒன்றுமே இல்லை. அந்தக் குடோனில் கூரை நாறியது, காகிதம் நாறியது, வீரப்பன் நாறினார். அந்தப் போர்டு ஒன்றுதான் நாறவில்லை.

"எட்டு மாசமா?"

"எட்டு மாசம்."

"யாரும் கை வெக்கல?"

"என்னையத் தவிர ஒருத்தன் தொட்டதில்ல."

ஸ்டெல்லா கைப்பேசியை எடுத்து, போர்டை முன்னாலும் பின்னாலும் நாலு படம் எடுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள். "நாங்க வீராம்பட்டினம் இல்ல. அன்புராஜ் விஷயமா வந்திருக்கோம். நீங்க எப்படியும் ஆறு மணிக்கு சாட்சி சொல்ல பாகூருக்கு வரணும்ல? இப்பவே வாங்க. இதையும் எடுத்துனு வாங்க."

வீரப்பனின் விரலில் இருந்த சிகரெட் ஒரு நொடி நின்றது. அப்புறம் சிரித்தார். "இன்னாம்மா, அது அவன் தூக்குன போர்டுங்கிறியா? இந்த மாடல்ல ஊருக்கு நூறு இருக்கு. இதுல அவன் பேரா எழுதியிருக்கு?"

"எழுதல. அதனாலதான் வாங்கங்கிறேன். உங்க போர்டுதானே, என்னா பயம்?"

"எனக்கா பயம்?" என்று சாவியை எடுத்தார். வராமல் இருந்தால் அதுவே பேச்சாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய காரில் பக்கத்து சீட்டில் கிளாட்சன் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டெல்லா கிளாட்சனின் பைக்கில் பின்னாலேயே வந்தாள்.

பாகூரில் மணி இரண்டரை. ஸ்டெல்லா டீக்கடையிலிருந்து பொறை பிஸ்கட் போட்டு வைக்கிற இரண்டு பெரிய டின்களை வாங்கினாள். ஒன்றில் பெட்டியில் இருந்த செத்த போர்டு, இன்னொன்றில் வீரப்பன் கொண்டுவந்த போர்டு. இரண்டிலும் ஒவ்வொரு பிடி பச்சரிசி, மெல்லிய துணியில் முடிந்து. மூடி போட்டு, டேப் சுற்றி, டேப்பின் மேல் வீரப்பனையும் அல்போன்ஸையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஹாலின் மொட்டை மாடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டின்கள் இரண்டும் அங்கே போயின.

"அரிசிய வச்சு கேஸா?" என்று வீரப்பன் சிரித்தார். "இந்தம்மாவுக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சு."

"நீங்க சொல்லுங்க சார்," என்று ஸ்டெல்லா அல்போன்ஸைப் பார்த்தாள். "வீரப்பன் சாரோட போர்டு எட்டு மாசம் சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்துலயே கெடந்திருக்கு, யாரும் தொடைக்கல. அப்படின்னா அரிசி நாறணும். அன்புராஜ் தொடச்ச போர்டா இருந்தா நாறாது. ஞாயித்துக்கெழம குடிச்சுப் பாத்தவரு நீங்கதான். உங்க நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும். நீங்களே தீர்ப்பு சொல்லுங்க."

அல்போன்ஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை.

அஞ்சு மணிக்கு டின்களைத் திறந்தார்கள். கையெழுத்து கலையாமல் இருந்தது. டீக்கடை அடுப்பைக் கிளாட்சன் ஹாலுக்குள் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டெல்லா வாசலுக்குப் போய் அன்புராஜைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அல்போன்ஸ் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால் சரண்யா இரண்டு பாத்திரத்தில் கஞ்சி வைத்தாள். இரண்டு டம்ளரில் ஊற்றி அல்போன்ஸின் முன்னால் வைத்தாள்.

முதல் டம்ளர், செத்த போர்டோடு இருந்த அரிசி. அல்போன்ஸ் ஒரு வாய் வைத்தார். முகம் கோணி, ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார். "சாம்பலக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு."

இரண்டாவது டம்ளர். தயங்கி ஒரு வாய். இன்னொரு வாய்.

"பொகை இல்ல," என்றார் அல்போன்ஸ் மெதுவாக. "வெறும் கஞ்சி."

"ஏமாத்துறாங்கண்ணே உங்கள," என்று வீரப்பன் எழுந்தார். "எல்லாம் நாடகம். குடுங்க இங்க." முதல் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். பாதி டம்ளர் காலி. முகம் சுளிக்கவில்லை. இரண்டாவதையும் வாங்கி ஒரு வாய் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே கஞ்சி. இதுல இன்னா வித்தியாசத்தக் கண்டீங்க?"

அல்போன்ஸ் இன்னும் வாயில் இருந்த சாம்பலை விழுங்க முடியாமல் வீரப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படித்தான் சார் அன்னிக்கும்," என்றாள் ஸ்டெல்லா. "நாறுறது எது, நாறாதது எதுன்னு இவருக்குத் தெரியாது. பொகைப் பிசுக்கு ஏறித்தான் உங்க போர்டு நின்னு நின்னு போச்சு. அன்புராஜ் தொடச்சதும் ஓட ஆரம்பிச்சுது. ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு வித்தது குதிரையாட்டம் ஓடுறதப் பாத்ததும் இவருக்கு வயிறு எரிஞ்சிருக்கு. திங்கக்கெழம நீங்க சாப்புடப் போனீங்க. இவரு குடோன்லேர்ந்து கொண்டாந்த செத்தத மாட்டிட்டு நல்லத எடுத்துனு போயிட்டாரு."

"ஏதோ... பாத்துனு இருந்தப்ப தெரியாம மாறிப்போச்சு," என்றார் வீரப்பன்.

"தெரியாம மாறி, தானே போய் மேஜைக்குள்ள பேப்பர போத்திப் படுத்துக்கிச்சா?" என்றார் கிளாட்சன்.

வீரப்பன் நாற்காலியில் உட்கார்ந்து பாக்கெட்டைத் தடவினார். சிகரெட்டை எடுத்தவர், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தார்.

அல்போன்ஸுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. "சரி, விடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. கேஸ் கீஸ் எதுவும் வேணாம். பெரிய மனுஷன், அசிங்கமாயிடும்."

ஸ்டெல்லாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது மேலே வந்தது. "காலையில அன்புராஜுக்கு அசிங்கமாயிடும்னு உங்களுக்குத் தோணலையே சார். மனு எழுதித்தான வச்சிருக்கீங்க? பேர மட்டும் மாத்துங்க. ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஒரு தெருக்காரன் எடுத்தா திருட்டு, இன்னொரு தெருக்காரன் எடுத்தா தெரியாம மாறுனதா?"

அல்போன்ஸ் பேனாவை எடுத்தார். அன்புராஜ் என்று இருந்த இடத்தை அடித்தார். வீரப்பன் என்று எழுத அவருக்கு நேரம் பிடித்தது. ஆனால் எழுதினார். எழுதி முடித்ததும் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்கிற மாதிரி, மிச்சம் இருந்த நல்ல கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, சரண்யாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாதாம்மா இருக்கு. உப்புதான் போட மறந்துட்ட."

"மறக்கல சார்," என்றாள் சரண்யா. "போன ஞாயித்துக்கெழமையும் போடல."

அவர் கை டம்ளரோடு அப்படியே நின்றது. காலையில் தான் சொன்னது அவருக்கு நினைவு வந்துவிட்டது. அது அவர் முகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

"நாலு தூக்கு கஞ்சியும் எங்க சார் போச்சு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"கொல்லையில... கொட்டிட்டேன்."

"ஒரு வாய்." ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "ஒரே ஒரு வாய் குடிச்சிருந்தா, அன்னிக்குப் பெட்டி சுத்தமா இருந்துச்சுன்னு உங்க நாக்குக்குத் தெரிஞ்சிருக்கும். நாறுன போர்டு அதுக்கப்புறம்தான் உள்ள வந்துச்சுன்னு புதன்கெழமையே புரிஞ்சிருக்கும். யாரு வூட்டு அடுப்புல வெந்துச்சுன்னு பாத்தீங்க, கொட்டுனீங்க. கொட்டிட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் அவர திருடன்னீங்க."

அல்போன்ஸ் தலையைத் தூக்கவில்லை. "தப்புதான்," என்றார். அப்புறம், தரையைப் பார்த்தபடியே, "அன்புராஜ், நாளைக்கு வந்து போர்ட மாட்டிக் குடுப்பா," என்றார்.

அன்புராஜ் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"வருவாரு சார்," என்றாள் சரண்யா. "நாலு பொட்டிக்கும் ராத்திரி அரிசி வச்சுட்டுப் போவாரு. காலையில எங்க வூட்டுல கஞ்சி வச்சு நான் எடுத்தாறேன். நாலையும் எங்க எதிர்ல குடிங்க. அப்புறம்தான் போர்டு."

டம்ளரில் இன்னும் அரை டம்ளர் கஞ்சி இருந்தது. சரண்யா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இன்னொன்றை இழுத்து அன்புராஜை உட்காரவைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகத் தானும் உட்கார்ந்தாள்.

"அத குடிச்சு முடிங்க சார்," என்றாள். "பாத்துட்டுப் போறோம்."